பழைய போட் இன்ஜின் வாங்கப் போகிறாயா? சிசியை நீயே அளந்து பார்!

தங்கச்சி, கோவளத்திலிருந்து சட்ராஸ் வரை நம் கரையில் ஃபைபர் போட்டுகள்தான் வரிசையாக நிற்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு இவை பெருகின, கூடவே இன்ஜின் செலவும் ஏறியது. புது இன்ஜினுக்குக் காசு பத்தாதவர்கள், பிரித்து ரீபோர் செய்து பெயின்ட் அடித்து வைத்த பழைய இன்ஜினைத் தேடுகிறார்கள். அதில் தப்பே இல்லை. நல்ல மெக்கானிக் கட்டிக்கொடுத்தால் அது நன்றாகவே ஓடும். ஆனால் நகையை அடகு வைப்பதும் குழுக்கடன் எடுப்பதும் நீதானே? அதனால் வீட்டுக்காரரோடு பட்டறைக்கு நீயும் போ. சிசி, அதாவது சிலிண்டரின் கொள்ளளவு என்ன என்று அளந்த பிறகு விலை பேசு.

சிசி தெரியாமல் வாங்கினால் முதல் அடி ஸ்பேர் பார்ட்ஸில் விழும். பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் எதுவும் பொருந்தாது. மீன் பாடு நன்றாக இருக்கும் வாரத்தில் போட்டு மணலில் கிடக்கும்.

நேம் பிளேட்டை மட்டும் நம்பாதே. அதை வேறு இன்ஜினிலிருந்து கழற்றி வைத்து ரிவெட் அடிப்பது பெரிய வேலையில்லை. ரிவெட் புதிதாகப் பளபளத்தால் ஏன் என்று கேள். பிளாக்கில் வார்ப்போடு வந்த எழுத்தும் எண்ணும் இருக்கும். உப்பு பூத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல். அந்த எண்ணும் பிளேட்டில் உள்ள மாடலும் ஒரே இன்ஜினுடையவைதானா என்று வேறொரு மெக்கானிக்கிடம் விசாரி.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கழற்ற மாட்டேன் என்பவரிடம் வாங்காதே. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

கழற்றியதும் பிஸ்டன் தலையில் உள்ள கரியைத் துடைத்துப் பார். எஸ்.டி.டி. என்றிருந்தால் கம்பெனி அளவு. 0.25, 0.50, 1.00 என்றிருந்தால் அத்தனை மில்லிமீட்டர் பெரிதாக ரீபோர் ஆகியிருக்கிறது. அடுத்து வெர்னியரால் போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டத்தை அள. ரிங் உரசும் இடம் தேய்ந்திருக்கும். மேல் விளிம்பில் ரிங் எட்டாத மெல்லிய வளையம் தேயாமல் இருக்கும், அங்கே எடுக்கும் அளவுதான் சரி. பிறகு ஸ்ட்ரோக். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேல்முகத்திலிருந்து அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார். பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி அடிமட்டத்தில் மறுபடி பார். இரண்டின் வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். டீசல் பிஸ்டனின் நடுவில் குழி இருக்கும், அதில் அளவுகோலை வைக்காமல் ஓரத்தில் வை.

இரண்டையும் சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு செல்போனில் போடு: போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.7854. இரண்டு சிலிண்டர் என்றால் அதை இரண்டால் பெருக்கு.

லம்பார்டினி வகை ஒற்றைச் சிலிண்டர் டீசலில் போர் 78 மி.மீ., ஸ்ட்ரோக் 68 மி.மீ. என்றால் 325 சிசி வரும். அதே 68 ஸ்ட்ரோக்கில் போர் 86 ஆனால் 395 சிசி. பெயின்ட் அடித்த பிறகு வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். “ரீபோர் பண்ணிப் பெரிசாக்கிட்டோம், இப்ப இது 395 ஆயிடுச்சு” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. 78-ஐ ஒரு மில்லிமீட்டர் கூட்டி 79 ஆக்கினாலும் 333 சிசிதான். ரீபோர் செய்வது தேய்மானத்தைச் சரிசெய்ய. அதனால் கூடுவது எட்டு சிசி. கூடுதல் விலை கொடுக்க அதில் ஒன்றுமில்லை. இன்னும் ரீபோர் செய்ய லைனரில் இடம் மிச்சமிருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்.

அவுட்போர்டு பெட்ரோல் இன்ஜினில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய யமஹா டூ-ஸ்ட்ரோக்கில் 9.9 குதிரைசக்தி மாடலும் 15 மாடலும் ஒரே 246 சிசிதான். போர் 56, ஸ்ட்ரோக் 50, சிலிண்டர் இரண்டு. கார்புரேட்டர் போன்ற உறுப்புகளில்தான் வித்தியாசம். ஆகவே மூடிமேல் ஒட்டிய ‘15’ ஸ்டிக்கரைப் பார்த்து 15-இன் விலையைக் கொடுத்துவிடாதே. இங்கே சிசி கணக்கு மட்டும் போதாது. கார்புரேட்டர் எந்த மாடலுக்கு உரியது என்றும் பார்க்கச் சொல்.

பேரம் முடிந்தால் பிளாக் எண், போர், ஸ்ட்ரோக், பிஸ்டன் ஓவர்சைஸ் நான்கையும் ரசீதில் எழுதி மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கு. அதைப் போட்டோ எடுத்து உன் செல்போனிலும் வைத்துக்கொள். நாளைக்குப் பிஸ்டன் ரிங் வாங்கக் கடைக்குப் போகும்போது அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். எழுதித் தராதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதே, தங்கச்சி.