மரத்தளமும் வால்வு அம்பிளிஃபயரும்

ரொறன்ரோவை அடுத்த பிறம்ரனின் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டகத்தால் எழுப்பப்பட்டவை. பேஸ்மென்ற் என்று பேச்சில் வழங்கும் நிலக்கீழ்த் தளத்தில் மட்டுமே கொங்கிறீற் தரை இருக்க, மேல்தளங்கள் மரவிட்டங்களின்மீது பலகை பாவியே அமைக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்துச் சீமெந்து நிலத்தில் அசையாமல் இருந்த ஒலிக்கருவி, இங்கே பிள்ளைகள் படியேறி ஓடினாலே நடுங்குவதற்குக் காரணம் அதுதான்.

எனினும் நடுக்கம் எல்லா அம்பிளிஃபயரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ட்ரான்சிஸ்டர் அம்பிளிஃபயரின் ஒலியை வீட்டு அதிர்வு காதுக்குப் புலப்படும்படி மாற்றுவது மிக அரிது என்பதால், அதன் அடியில் வைக்கப்படும் விலையுயர்ந்த உலோகக் கூம்புகளை அலங்காரமாகக் கொள்வதே நேர்மை. வால்வின் நிலை வேறு: கண்ணாடிக் குமிழுக்குள், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் எனும் மெல்லிய கம்பிச்சுருள், எலெக்ட்ரான்களை உமிழும் கதோட்டுக்கு மிக அருகில் நிற்கிறது, அந்த இடைவெளி அதிர்வால் மாறும்போது மின்னோட்டமும் மாறுவதால், வால்வே ஒரு மைக்காகிவிடுகிறது. இக்குறையை அறிய, ஒலியளவைச் சற்றுக் குறைத்து, பென்சிலின் அழிறப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினால் போதும். ஸ்பீக்கரில் மணியடித்ததுபோல் நீண்டு ஒலிக்கும் வால்வை மாற்றுவதே சிக்கனம், ஏனெனில் பழுதான வால்வை, அதிர்வைத் தடுக்கக் கருவியின் அடியில் வைக்கும் எந்தத் தாங்கியும் திருத்தாது.

தாங்கி வாங்கும்போது கவனிக்க வேண்டியது அது பாரத்தின்கீழ் எவ்வளவு அமுங்குகிறது என்பதே. தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகமே ஒரு தாங்கியின் இயல்பதிர்வெண் எனப்படும். சுருள்வில்லில் 1 மில்லிமீற்றர் அமுக்கத்துக்கு அது ஏறத்தாழ 16 ஹேர்ட்ஸாகவும், 10 மில்லிமீற்றருக்கு 5 ஹேர்ட்ஸாகவும் அமைகிறது. றப்பர் அசைவில் மேலும் விறைப்பதால் அதன் எண் இன்னும் உயரும். இந்த எண்ணின் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளே தடுக்கப்படுகின்றன. இயல்பதிர்வெண்ணை ஒட்டியவை குறைவதற்குப் பதில் பெருகுகின்றன. ஆகவே, இலேசான கருவியின்கீழ் அமுங்காத தடித்த றப்பரை வைப்பவர், மரத்தளத்தின் மெதுவான ஆட்டத்தைத் தம் கைக்காசில் வளர்த்துக்கொள்கிறார். மார்க்கம் நகரில் இயங்கும் ஐசோஅகூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் தாங்கிகள் எடைக்கேற்பப் பல மாதிரிகளில் வருவதும் இதன்பொருட்டே. ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும் பக்கம் பாரம் மிகுதி என்பதையும் மறக்கலாகாது. நான்கு மூலைகளிலும் ஒரே தாங்கியை வைத்தால் கருவி சரிந்தே நிற்கும்.

உண்மையில் தாங்கியின் பயன் தெளிவாகத் தெரிவது எதிர்த்திசையில், கருவியின் அதிர்வு மேசைக்குப் போகாமல் தடுப்பதில்தான். கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால் ட்ரான்ஸ்ஃபோமரின் இரும்பு மையம் 120 ஹேர்ட்ஸில் முரலுகிறது, இலங்கையில் இதுவே 100 ஹேர்ட்ஸ். உள்ளே வெறுமையான தொலைக்காட்சி மேசையின்மீது அம்பிளிஃபயர் இருந்தால், வீணைக்குக் குடம்போல மேசை அந்த முரலலைப் பெருக்கிவிடும், மடித்த கம்பளித் துண்டுகூட அதனைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் முரலல் பெட்டியிலிருந்து அன்றி ஸ்பீக்கரிலிருந்து வருமானால் அது மின்சுற்றின் கோளாறு. அதைச் சோதிக்க வால்வு அம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றுவது ஆபத்து. ஸ்பீக்கரின் மின்பாரமின்றி இயங்கினால் வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமர் பழுதாகக்கூடும்.

தாங்கி வைத்தபின் ஒலி மேம்பட்டதா என்பதில் செலவழித்தவரின் காதை நம்புவது கடினம். ஒட்டாவாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் 1965 முதல் 1991 வரை பணியாற்றிய ஃபிளோயிட் ரூல், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாதவாறு மறைத்தே சோதனைகளை நடத்தினார். வீட்டில் இன்னொருவரைத் தாங்கியை வைக்கவும் எடுக்கவும் சொல்லி, பாராமல் பலமுறை கேட்பது அதன் எளிய வடிவம்.

கருவியைப் பேஸ்மென்றுக்கு இறக்கினால் நடையதிர்வு ஏறத்தாழ ஒழிந்துவிடும், ஆனால் குளிர்காலத்தில் ஃபேர்னஸ் எனும் வெப்பமூட்டி அங்கேயே ஓடுகிறது. அதன் விசிறி ஓசை காற்றுவழியே வருவதால் தாங்கி உதவாது, கதவுள்ள வேறு அறையே வேண்டும்.