பாயின் எடை என்ன?

சங்கத்தின் மகளிர் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "அக்கா, ஆன்லைனில் பொருள் விற்கப் பதிவு செய்யும்போது எடை என்று ஒரு கட்டம் வருகிறதே, அதில் பொருளின் எடையைப் போடணுமா, பார்சலின் எடையைப் போடணுமா?" சில சமயம் இரண்டுமே போதாது என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். அந்தக் கட்டத்தில் நான் பணத்தைத் தொலைத்தவள் என்பது அவருக்குத் தெரியாது. அவரைப் போல் வீட்டிலிருந்தே விற்பனை தொடங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் மதினி வீட்டார் திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறவர்கள். மும்பையில் இருக்கும் நான் 2022-ல் ஓர் இணைய விற்பனைத் தளத்தில் அந்தப் பாய்களை விற்கத் தொடங்கினேன். நான்கு அடி அகலம், ஆறு அடி நீளம். சாதாரணக் கோரைப் பாயை மடிக்க முடியாது, மடித்தால் கோரை முறிந்துவிடும், சுருட்டத்தான் வேண்டும். சுருட்டினால் நான்கு அடி நீளத்துக்கு ஓர் உருளை. மளிகைக் கடை அண்ணாச்சியின் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கட்டிய பார்சல் இரண்டு கிலோ. தையல் நாடாவால் அளந்தேன். 49, 6, 6. மூன்று எண்களையும் கட்டங்களில் நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

பதினொரு பாய்கள் போன பிறகு கணக்கு வந்தது. பாய் ஒன்றுக்கு 190 ரூபாய் 'எடை வித்தியாசம்' என்று பிடித்திருந்தார்கள். ஒரு பாயில் எனக்கு மிஞ்சுவதே 140 ரூபாய். மொத்தம் 2,090 ரூபாய் பிடித்தம். என் பங்கான 1,540 ரூபாய் முழுதும் போய், மேற்கொண்டு 550 ரூபாய் கையிலிருந்து வைத்துத்தான் மதினிக்குச் சேரவேண்டியதை அனுப்பினேன். கோரை வாங்க அந்தப் பணத்தைத்தான் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்தார். "இரண்டு கிலோப் பாய் ஆறு கிலோ ஆகுமா மதினி?" என்று போனில் கேட்டார். ஆகும் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பஸ்ஸில் பஞ்சு மூட்டையோடு ஏறுகிறவரிடம் கண்டக்டர் எடையையா பார்க்கிறார்? அடைக்கும் இடத்தைத்தானே பார்க்கிறார்! கூரியர் வண்டியும் அப்படித்தான். கனமான சாமான் ஏறினால் வண்டி பாரத்தால் நிறையும்; லேசான பெரிய சாமான் ஏறினால் இடத்தால் நிறையும். அதனால் இடத்தையும் கிலோவாக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுக்க வேண்டும். வருவது கன அளவு எடை, கிலோவில். உண்மையான எடை, கன அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நம் நாட்டுப் பெரிய விற்பனைத் தளங்களும் விரைவுக் கூரியர்களும் பெரும்பாலும் 5000 என்ற எண்ணைத்தான் வைத்திருக்கின்றன. விமானச் சரக்கில் 6000 வழக்கம். நீங்கள் விற்கும் தளத்தின் விதிப் பக்கத்தில் எந்த எண் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

5000 கன சென்டிமீட்டர் என்றால் ஐந்து லிட்டர். ஐந்து லிட்டர் இடத்தில் ஒரு கிலோவுக்குக் குறைவாகச் சரக்கு இருந்தால் இடத்துக்குக் காசு. அதிகமாக இருந்தால் எடைக்குக் காசு. ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் டின் நாலரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அதை விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பாய், தலையணை, மூங்கில் கூடை, அப்பளப் பெட்டி விற்பவர்களுக்குத்தான்.

இப்போது என் பாய்க்கு வருவோம். கூரியர் கிடங்கில் அளந்தது 125, 15, 15. பெருக்கினால் 28,125. ஐயாயிரத்தால் வகுத்தால் 5.6 கிலோ. அரைக் கிலோ அரைக் கிலோவாக மேல்நோக்கி ஏற்றுவது அவர்கள் வழக்கம். ஆக 6 கிலோ. நான் போட்ட 49, 6, 6 அங்குலக் கணக்கு! கட்டம் கேட்டதோ சென்டிமீட்டர். தளத்தின் கணக்கில் என் பாய் 350 கிராம் இடத்தை அடைக்கும் ஒரு குச்சி. அதனால் நான் எழுதிய இரண்டு கிலோவையே எடுத்துக்கொண்டது. தையல் நாடாவின் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் அச்சடித்திருக்கிறது. திருப்பிப் பார்க்காதது என் புத்தி.

இன்னொன்று: உருளையை உருளையாக அவர்கள் அளப்பதில்லை. அது அடங்கக்கூடிய பெட்டியாகத்தான் அளப்பார்கள். நான்கு மூலையிலும் உள்ள வெறும் காற்றுக்கும், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல், நாம்தான் காசு கொடுக்கிறோம். இதற்கு வழக்குப் பேசிப் பயனில்லை.

பயன் உள்ள இடம் பருமன். பாயை இறுகச் சுருட்டி, குமிழ் பிளாஸ்டிக்கை இரண்டு சுற்றோடு நிறுத்தி, மேலே நெளி அட்டை சுற்றிக் கட்டினேன். 124, 12, 12. கணக்கு 3.57, கட்டணம் 4 கிலோவுக்கு. இரண்டு கிலோ குறைந்தது! இதில் நீளம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் 3.6 தான், கட்டணம் மாறாது. பருமன் ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடினால் அகலம், உயரம் இரண்டிலும் கூடுகிறது, 4.19 ஆகி 4.5 கிலோக் கட்டணத்துக்கு ஏறிவிடும். நடுவில் புடைத்திருந்தால் புடைத்த இடத்தைத்தான் அளப்பார்கள். ஆகவே கட்டிய பிறகு, டேப் ஒட்டிய பிறகு, மிகப் பருத்த இடத்தில் அளவு எடுங்கள். இரண்டு பாய்களைச் சேர்த்துச் சுருட்டினால் 124, 15, 15, ஆறு கிலோ. பாய் ஒன்றுக்கு மூன்று. 'ஜோடி'யாக விற்பதே எனக்குக் கட்டுபடியாயிற்று.

நீளத்துக்கென்று தனி வரம்பும் உண்டு; கூரியருக்குக் கூரியர் வேறுபடும். அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யுபிஎஸ் இரண்டும் 48 அங்குலத்தைத் தாண்டினால் தனிக் கட்டணம் போடுகின்றன. நான்கு அடி என்பது சரியாக 48 அங்குலம். அட்டை சுற்றியதும் தாண்டிவிடும். இங்கேயும் பதிவு செய்யுமுன் அதிகபட்ச நீளம் என்ன என்று கேட்டுவிடுங்கள்.

சரியாகப் போட்டும் அதிகம் பிடித்தால்? ஆட்சேபம் தெரிவிக்கத் தளங்கள் சில நாட்கள் அவகாசம் தருகின்றன. ஆதாரம் வேண்டுமே! நான் இப்போது நாடாவைப் பார்சல்மேல் வைத்து மூன்று படம், தராசின் எண் தெரிய ஒரு படம், முகவரிச் சீட்டோடு எடுத்து வைக்கிறேன். ஒருமுறை இப்படி அனுப்பிப் பணம் திரும்பி வந்தது. முதல் 2,090 வரவில்லை. அதில் பிழை என்னுடையது.

நவராத்திரிக்குத் தஞ்சாவூர் ஆட்ட பொம்மை விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு கணக்கு. பொம்மை 900 கிராம். பாகங்களைக் கோத்து நிற்க வைத்த நிலையில் பெட்டி 30, 25, 25. பாகங்களைக் கழற்றி, தனித்தனியே காகிதம் சுற்றிப் படுக்க வைத்தால் பெட்டி 30, 20, 15. எந்தப் பெட்டிக்கு எத்தனை கிலோக் கட்டணம்? போட்டுப் பாருங்கள்.

விடை: முதல் பெட்டி 3.75, அதாவது 4 கிலோ. இரண்டாவது 1.8, அதாவது 2 கிலோ. கழற்றி அனுப்பினால் எப்படிக் கோப்பது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.