ஓடியாடும் மகனை நினைவில் வைக்க: இளம் பெற்றோருக்கு ஏழு அறிவுரைகள்

புதுச்சேரியின் சேதராப்பட்டுச் செம்மண்ணில் ஒரு மகனை வளர்த்து ஆளாக்கியவள் நான். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. இப்போது அவனுக்கு 36 வயது. வேலைக்காகத் தொலைவில் இருக்கிறான். அவன் ஓடியாடிய வருடங்களில் பாதியைச் சரியாகப் பார்க்காமலே விட்டுவிட்டேன். சின்னப் பிள்ளையோடு இருக்கும் உங்களுக்கு அந்தக் குறை வரக்கூடாது. அதற்காகச் சொல்கிறேன்.

1. முதல் மூன்று வருடங்களுக்கு நீங்கள்தான் சாட்சி. மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் நினைவிருப்பதில்லை. எந்த மாதம் தவழ்ந்தான், எந்தத் திண்ணையிலிருந்து விழுந்தான், முதலில் யாரைப் பார்த்து ஓடினான், எதுவும் அவனுக்குத் தெரியாது. நீங்களும் மறந்துவிட்டால் அந்த வருடங்கள் யாரிடமும் இல்லை.

2. ஒரு நோட்டு வாங்குங்கள். நம் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 வரை எழுதினார். அவர் எழுதி வைத்ததால்தான் அந்தக் காலத்துப் புதுச்சேரியின் பேச்சும் நடப்பும் நமக்குத் தெரிகின்றன. உங்களுக்கு வாரம் மூன்று வரி போதும். தேதி மட்டும் தவறக்கூடாது. “நல்ல பிள்ளை” என்று எழுதாதீர்கள். “நுங்கு வண்டி ஓட்டி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான், அழவில்லை” என்று எழுதுங்கள்.

3. கால்சட்டைப் பையைக் காலி செய்யுமுன் அவனைக் கேளுங்கள். என் மகன் எட்டு வயதில் சிப்பி பதிந்த கல் ஒன்றைக் கொல்லையிலிருந்து கொண்டுவந்தான். குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டேன். சேதராப்பட்டு, காரசூர், வழுதாவூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்றும், இங்கே ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் உயிர்களின் தடங்கள் பாறையில் இருக்கின்றன என்றும் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். மண் அத்தனை காலம் காத்து வைத்ததை நான் ஒரே நாளில் பெருக்கித் தள்ளினேன்.

4. தடுப்பதைவிடக் கூடப் போவது மேல். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்னாளில், 2008-இல், பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரிக்கு அவன் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் “போகாதே” என்பேன். தண்ணீரைப் பற்றிய பயம் நியாயமானதுதான். அதற்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். “போகாதே” என்ற நாட்கள் எதுவும் என் நினைவில் இல்லை. கூடப் போய்க் கரையில் நாரை பார்த்த இரண்டு மாலைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

5. பதின்மூன்று வயதுக்குமேல் கேள்வியைக் குறையுங்கள். அவன் கூட்டாளிகளுக்குச் சோறு போடுங்கள். அந்த வயதின் கதைகள் அவர்களிடம்தான் இருக்கும். கபடி ஆடிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்த பையன்கள் பேசியதில்தான், என் மகன் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு வடம் பிடித்து உள்ளங்கை கொப்பளித்துப்போனது எனக்குத் தெரிந்தது. இரண்டு நாளாக இடது கையால் சாப்பிட்டவனை நான் திட்டியிருந்தேன்.

6. படத்தை மட்டும் நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் கூரை பிய்ந்தது. ஆல்பம் நனைந்து படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எதையும் பிரிக்க முடியவில்லை. இன்று உங்கள் படங்களெல்லாம் போனில் இருக்கின்றன. வேறு இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். சிலவற்றை அச்சுப் போட்டு, பின்பக்கம் தேதியும் இடமும் எழுதுங்கள்.

7. சேர்த்து வைத்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள். “உன்னால் எத்தனை பாடுபட்டேன்” என்று தொடங்கினால் மகன் எழுந்து போய்விடுவான். நான் பிந்தித் தொடங்கிய நோட்டை, அவனுக்குக் குழந்தை பிறந்த வாரம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தச் சிப்பிக் கல் எங்கேம்மா?” என்றான். எறிந்துவிட்டேன் என்று அன்றுதான் சொன்னேன்.

உங்கள் பிள்ளை இப்போது வாசலில் ஓடிக்கொண்டிருப்பான். அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு வெளியே வந்து பாருங்கள். இன்றிரவே தேதி போட்டு முதல் வரியை எழுதுங்கள்.