ஜப்பான் ஸ்கைலைனும் வெளிமாநில ஆர்.சி.யும்

கேள்வி: சார், கோவையில் சிறுதொழில் நடத்துகிறேன். சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். 1999 மாடல் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்34) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வடகிழக்கு மாநிலம் ஒன்றில் 2013ல் பதிவான வண்டி. “ஆர்.சி. பக்கா. ஜப்பான்லேர்ந்து நேரா வந்தது. 25 வருஷம் தாண்டிடுச்சு, இனி லீகல்தான்” என்கிறார் விற்பவர். எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் விவரமும் வருகிறது. 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆனால் நண்பர்கள் கேரளாவில் நடந்ததைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? ரோட்டில் எடுக்காமல் ட்ராக்கில் மட்டும் ஓட்டினால் தப்பில்லையா? வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போது உங்கள் கையில் இருக்கும் காகிதங்களை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ஆர்.சி.க்கு முந்தைய காகிதம் ஒன்று உண்டு. அதை விற்பவர் உங்களுக்கு இன்னும் காட்டவே இல்லை.

முதலில் அந்த 25 வருடக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அது அமெரிக்கச் சட்டம். அந்நாட்டுப் பாதுகாப்புத் தரத்துக்குச் செய்யப்படாத காரை, உற்பத்தியாகி 25 ஆண்டு கழிந்த பிறகு அங்கே கொண்டுவரலாம். 1999ல் செய்த ஆர்34கள் 2024ல் அந்த வரம்பைத் தாண்டின. யூடியூபில் கொண்டாடியது அதைத்தான். நம் நாட்டு விதி இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. இங்கே பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால், அது உற்பத்தியாகி மூன்று ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. வலதுபக்க ஸ்டியரிங், கிலோமீட்டர் காட்டும் ஸ்பீடோமீட்டர், இடதுபக்கம் போகும் சாலைக்கு ஏற்ற ஹெட்லைட், நம் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டது என்ற பரிசோதனைச் சான்று எல்லாம் வேண்டும். வண்டி இறங்குவதும் மும்பைத் துறைமுகத்தில் மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானிலும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங்கும் ஸ்பீடோமீட்டரும் ஹெட்லைட்டும் அந்த வண்டிகளுக்குப் பிறவியிலேயே நமக்குப் பொருத்தம். இடிப்பது வயது.

பழைய வண்டிகளுக்குச் சலுகையே கிடையாதா என்று கேட்பீர்கள். 2021ல் சேர்த்த விதிகளின்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். 1969ல் வந்த முதல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்றால் அந்தப் பேச்சுக்கு இடமுண்டு. உங்கள் வண்டிக்கு அந்த வயது 2049ல் வரும்.

இனி உங்கள் ஆர்.சி. 1999ல் செய்த வண்டி முறைப்படி வந்திருந்தால் 2002 வாக்கிலாவது நாட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். முதல் பதிவு 2013 என்கிறது ஆர்.சி. நடுவில் பதினோரு ஆண்டு எங்கே கிடந்தது? ஏதாவது கொட்டகையில் கிடந்திருக்கலாம். சட்டத்தில் அது குற்றமில்லை. வேறு மாநிலத்தில் ஓடிவிட்டு மறுபதிவாகி வந்திருக்கலாம். எதுவானாலும் அதற்கொரு காகிதம் இருக்கும்: சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி, வரி கட்டிய ரசீது, விதிவிலக்கு பெற்றிருந்தால் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) உரிமம். இறக்குமதி வண்டியை முதன்முறை பதியும்போது சுங்கச் சான்றையும் வைக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 47. முறையாகப் பதிந்த வண்டியென்றால் அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் கோப்பில் நகல் இருந்தே தீரும். ஆப்பில் விவரம் வருவது, யாரோ ஒரு குமாஸ்தா கம்ப்யூட்டரில் பதிந்தார் என்பதற்குச் சாட்சி. வண்டி எப்படி எல்லை தாண்டியது என்பதை ஆப் சொல்லாது.

எல்லை தாண்டும் குறுக்கு வழிகள் பல. வெளிநாட்டுப் பயணி கார்னெட் காகிதத்தில், திரும்ப எடுத்துப் போவதாக உறுதி சொல்லிக் கொண்டுவந்த கார் திரும்பிப் போகாமலே தங்கிவிடும். தூதரக அதிகாரிக்கு வரிவிலக்கில் வந்தது, வரி கட்டாமல் கைமாறும். வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்புபவர் பெயரில் வரும் கார், பெயருக்கு அவருடையது, பணம் இன்னொருவருடையது. உங்கள் நண்பர்கள் சொல்லும் கேரள விவகாரம் 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் தடுப்புப் பிரிவு நடத்திய ‘ஆபரேஷன் நும்கோர்’. பூடான் வழியாகக் கொண்டுவந்து, போலிக் காகிதத்தில் வெளிமாநிலத்தில் பதிந்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. சிக்கியவர்களில் பலர், ஆர்.சி.யைப் பார்த்துத்தான் வாங்கினோம் என்றார்கள்.

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே இன்னொரு வழி உண்டு, ஹாஃப்-கட். வண்டியை இரண்டாக அறுத்து, ஸ்பேர் பார்ட்ஸ் என்று கணக்குக் காட்டி இறக்கி, இங்கே வெல்டிங் வைத்து, ஏதோ ஒரு உள்ளூர் வண்டியின் ஆர்.சி.யைப் போர்த்திவிடுவார்கள். உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அறுத்து ஒட்டிய உடலில் இரட்டை டர்போவை முறுக்கி யார் போவது!

ஆகவே போனெட்டைத் திறந்து பாருங்கள். ஜப்பான் சந்தைக்குச் செய்த ஆர்34 ஜிடி-ஆரின் சேஸிஸ் எண் 17 எழுத்தில் வராது. பிஎன்ஆர்34 என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு ஆறு இலக்கம், அவ்வளவுதான். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் அதைக் குத்தியிருப்பார்கள். இஆர்34 என்று இருந்தால் அது சாதா ஸ்கைலைன்; ஜிடி-ஆர் சட்டை மாட்டியிருக்கிறது. ஆர்.சி.யில் 17 எழுத்து இருந்து, வண்டியில் இந்தக் குட்டை எண் இருந்தாலோ, எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங் தழும்போ தெரிந்தாலோ, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

“நான் நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கியவன், என்னை என்ன செய்ய முடியும்?” என்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்காதவர்கள் குறைவு. உங்களை அதிகம் செய்ய முடியாது. வண்டியைச் செய்ய முடியும். சுங்கச் சட்டம் 1962ன் பிரிவு 111 குறிவைப்பது பொருளை. முறைகேடாக வந்த பொருள் எத்தனை கை மாறினாலும் பறிமுதலுக்கு உரியதாகவே இருக்கும். பிரிவு 112ன் அபராதத்துக்கு, வாங்குபவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். (இதைப் படித்த பிறகு உங்களுக்குக் காரணம் இருக்கிறது, மன்னிக்கவும்.) வரிப் பாக்கியைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல்: கொச்சி சுங்கத்துறை சம்பந்தப்பட்ட போர்ஷே கார் வழக்கில், பின்னால் வாங்கியவர் இறக்குமதியாளர் ஆகமாட்டார், அவரிடம் வரி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக வண்டி தப்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். வரி கேட்பதற்கு, மோசடி இருந்தாலும் ஐந்து ஆண்டு வரம்பு என்று பிரிவு 28 சொல்கிறது. பறிமுதலுக்கு அப்படி எழுதிவைத்த காலவரம்பு கிடையாது. கைப்பற்றினால் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும், இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். இடைக்காலத்தில் வண்டி வேண்டுமென்றால் பிரிவு 110ஏ-யின் கீழ் பத்திரமும் வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள். கடைசியில் மீட்புத் தொகை கட்டி எடுக்கும் வாய்ப்பைப் பிரிவு 125 தருகிறது. ஆனால் தடைசெய்யப்பட்ட இறக்குமதி என்றால் அந்த வாய்ப்பைத் தருவதும் தராததும் அதிகாரியின் விருப்பம்.

இதோடு மோட்டார் வாகனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பொய்க் காகிதம் கொடுத்துப் பெற்ற பதிவைப் பிரிவு 55ன் கீழ் ரத்து செய்யலாம். ரத்தானால் ரோட்டில் நிற்பது பதிவில்லாத வண்டி. பதிவில்லாமல் ஓட்டியது அடிப்படை விதிமீறல் என்று சொல்லி இன்சூரன்ஸ் கோரிக்கையை நிராகரித்ததை 2014லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

ட்ராக் யோசனை உதவாது. வண்டி செட்டிபாளையம் ட்ராக்கில் ஓடுகிறதா, அவினாசி ரோட்டில் ஓடுகிறதா என்று சுங்கத்துறை கேட்பதில்லை. ஷெட்டில் மூடிவைத்திருந்தாலும் பறிமுதல் பறிமுதல்தான்.

அட்வான்ஸ் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, ஏனென்றால் இன்னும் டெலிவரி எடுக்கவில்லை. பொய் சொல்லிச் சம்மதம் வாங்கிய ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19 இடம் தருகிறது; ரத்தானால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும். விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்பதும், வாங்கியவர் தொந்தரவில்லாமல் அனுபவிக்கலாம் என்பதும் எல்லா விற்பனையிலும் அடங்கியிருப்பதாக 1930ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 14 சொல்கிறது. “25 வருஷம் தாண்டிடுச்சு, லீகல்” என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். வாயால் சொன்னது என்றால், இன்றே ஒரு மெசேஜ் போட்டு எழுத்தில் கேளுங்கள்.

பில் ஆஃப் என்ட்ரி, வரி ரசீது, முதல் பதிவுக் கோப்பின் நகல் மூன்றையும் 15 நாளுக்குள் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். தந்தால், எண்களைச் சரிபார்க்க உள்ளூர் சுங்க வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு பேசுங்கள். தராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பக் கேட்டு வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் சிவில் கோர்ட்டில் பண வழக்கு. பணம் கொடுத்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு என்று வைத்துக்கொண்டு, அதற்குள் வழக்கைப் போட்டுவிடுங்கள்.