உங்கள் வீட்டில் ஒரு ஸ்டோரேஜ் சர்வர்: சிறிய போர்டு கம்ப்யூட்டரில் அமைக்கும் முறை

எருமப்பட்டியில் ஒரு வீடு என வைத்துக் கொள்வோம். கோழிப் பண்ணையின் தீவனக் கணக்கும் முட்டைக் கணக்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கல்லூரிக்குச் செல்லும் மகளின் புராஜெக்ட் பைல்கள் லேப்டாப்பில் உள்ளன. திருமண வீடியோ ஒரு பென் டிரைவில். காதுகுத்து விழாவின் போட்டோக்கள் மூன்று பேரின் மொபைல் போன்களில். ஒரு பைல் வேண்டும் என்றால், அது யாரிடம் இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். போன் தண்ணீரில் விழுந்தால் அதிலிருந்த போட்டோக்களும் அத்துடன் போய்விடும்.

இவை அனைத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, வீட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் போன்களும் நெட்வொர்க் வழியாக எடுத்துப் பயன்படுத்த வழி செய்யும் சாதனத்தை நாஸ் என்று அழைப்பார்கள். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம் இது. கடைகளில் தயாராகவும் கிடைக்கிறது. ஆனால் ராஸ்பெரி பை என்னும் சிறிய கம்ப்யூட்டரைக் கொண்டு நாமே அமைத்துக் கொள்ளலாம். அது எப்படி என இங்கு பார்க்கலாம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பைல்களை ஒரே இடத்தில் சேர்ப்பது வேறு; அவற்றைப் பாதுகாப்பது வேறு. இக்கட்டுரையில் பேக்கப் பற்றிய பகுதியைப் படித்து, அதன்படி செய்து முடிக்கும் வரை, போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் உள்ள எதனையும் அழித்துவிடாதீர்கள்.

ராஸ்பெரி பை

கம்ப்யூட்டருக்குத் தேவையான பிராசசர், மெமரி, யு.எஸ்.பி. போர்ட், நெட்வொர்க் போர்ட் ஆகிய அனைத்தும் ஒரே சர்க்யூட் போர்டில் அமைந்தது ராஸ்பெரி பை. அளவில் ஏ.டி.எம். கார்டு போன்றது. பள்ளி மாணவர்கள் புரோகிராமிங் கற்றுக் கொள்ள வேண்டும் என்ற நோக்கில், இங்கிலாந்தின் ராஸ்பெரி பை பவுண்டேஷன் இதனை 2012 பிப்ரவரி 29ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

நம் வேலைக்கு 2019ல் வந்த ராஸ்பெரி பை 4 அல்லது 2023ல் வந்த ராஸ்பெரி பை 5 ஏற்றது. 2 ஜி.பி. மெமரி போதும். பை 3 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களில் யு.எஸ்.பி. 2.0 போர்ட்களே உண்டு. நெட்வொர்க் போர்ட்டும் அதே பாதையைப் பகிர்ந்து கொள்வதால் வேகம் குறையும். பை 4ல் யு.எஸ்.பி. 3.0 போர்ட்களும் தனியான கிகாபிட் நெட்வொர்க் போர்ட்டும் உள்ளன.

வேகம் பற்றி ஒரு கணக்கு. கிகாபிட் இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 125 எம்.பி. 100 மெகாபிட் இணைப்பில் அது 12.5 எம்.பி.தான். 4 ஜி.பி. அளவுள்ள திருமண வீடியோவை முதல் இணைப்பில் ஒரு நிமிடத்திற்குள் காப்பி செய்துவிடலாம். இரண்டாவதில் ஆறு நிமிடம் ஆகும். எனவே உங்கள் பிராட்பேண்ட் ரௌட்டரின் போர்ட்களில் கிகாபிட் வசதி உள்ளதா எனப் பார்த்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சர்வர் வேலை செய்யும்; பொறுமை கொஞ்சம் தேவைப்படும்.

மின்சாரம் எவ்வளவு செலவாகும்?

சர்வர் என்றால் நாள் முழுவதும் ஓட வேண்டும். ராஸ்பெரி பையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து 10 வாட் எடுப்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 0.24 யூனிட் ஆகும். நம் ஊரில் மின் கணக்கு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. 60 நாட்களுக்கு 14.4 யூனிட். இதே வேலைக்கு 80 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை ஓட விட்டால், அதே 60 நாட்களுக்கு 115 யூனிட் வரும். சிறிய போர்டைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

வாங்க வேண்டியவை

1. ராஸ்பெரி பை 4 அல்லது 5 போர்டு. அதற்கான பெட்டி அலுமினியத்தில் இருப்பது அல்லது பேன் உள்ளதாக இருப்பது நல்லது.

2. பவர் சப்ளை. பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பை 5க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர். வீட்டில் கிடக்கும் பழைய போன் சார்ஜரை மாட்டி ஓட்டாதீர்கள். மின்சாரம் போதாமல் போனால், எழுதிக் கொண்டிருக்கும்போதே ஹார்ட் டிஸ்க் துண்டிக்கப்படும்.

3. 16 அல்லது 32 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி. கார்டு. இதில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மட்டும் இருக்கும். உங்கள் பைல்களை இதில் வைக்க வேண்டாம். தொடர்ந்து எழுதி அழிப்பதை இவ்வகை கார்டுகள் நெடுநாள் தாங்குவதில்லை.

4. ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று சர்வருக்கு, மற்றது பேக்கப்பிற்கு. பை 4ன் நான்கு யு.எஸ்.பி. போர்ட்களும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். எனவே சர்வருடன் இணைக்கும் டிஸ்க், தனக்கென அடாப்டர் உள்ள 3.5 அங்குல டிஸ்க்காக இருக்கலாம். சிறிய போர்ட்டபிள் டிஸ்க் என்றால், தனி மின்சாரம் பெறும் யு.எஸ்.பி. ஹப் வழியாக இணைப்பது பாதுகாப்பானது.

5. ரௌட்டருடன் இணைக்க கேட் 5இ அல்லது கேட் 6 நெட்வொர்க் கேபிள்.

மானிட்டர், கீ போர்டு, மவுஸ் எதுவும் தேவையில்லை.

என்ன சாப்ட்வேர்?

ராஸ்பெரி பையில் ஓடுவது லினக்ஸ். இது டெபியன் என்னும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே குடும்பம்தான். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களில் பாஸ் லினக்ஸைப் பார்த்த நினைவு சிலருக்கு இருக்கலாம்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் உள்ள போல்டரை விண்டோஸ் கம்ப்யூட்டர் எப்படித் திறக்கும்? இதற்கு உதவுவது சம்பா என்னும் இலவச சாப்ட்வேர். விண்டோஸ் பைல்களைப் பகிர்ந்து கொள்ளப் பயன்படுத்தும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அந்த முறையை மற்ற சிஸ்டங்களிலும் இயங்க வைக்கும் சாப்ட்வேரை 1990களின் தொடக்கத்தில் எழுதினார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துக்களும் வரும் சொற்களை அகராதியில் தேடியபோது கிடைத்ததே சம்பா என்ற பெயர்.

சம்பாவை நேரடியாக அமைப்பதற்குக் கட்டளைகள் தெரிய வேண்டும். புதியவர்களுக்கு எளிய வழி ஓபன் மீடியா வால்ட் என்னும் இலவசத் தொகுப்பு. 2011ல் வெளியான இது சம்பாவை உள்ளே வைத்துக் கொண்டு, எல்லாவற்றையும் பிரவுசரில் மவுஸ் கிளிக்கில் செய்ய வைக்கிறது.

அமைக்கும் முறை

1. உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ராஸ்பெரி பை இமேஜர் புரோகிராமை அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். எஸ்.டி. கார்டைச் செருகுங்கள்.

2. இமேஜரில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பட்டியலில் ராஸ்பெரி பை ஓ.எஸ். லைட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெஸ்க்டாப் உள்ள பதிப்பில் ஓபன் மீடியா வால்ட் இயங்காது. மேலும் ஒவ்வொரு ஓபன் மீடியா வால்ட் பதிப்பும் குறிப்பிட்ட டெபியன் பதிப்புக்கு உரியது. இரண்டும் பொருந்துகின்றனவா என அதன் தளத்தில் பார்த்துக் கொள்ளுங்கள்.

3. செட்டிங்ஸ் பகுதியில் யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுங்கள். எஸ்.எஸ்.ஹெச். என்பதனை இயங்கும்படி டிக் செய்திடுங்கள். தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் வழி இது. பின் ரைட் கிளிக் செய்யாமல், ரைட் என எழுதப்பட்ட பட்டனை அழுத்துங்கள். கார்டில் சிஸ்டம் எழுதப்படும்.

4. கார்டை ராஸ்பெரி பையில் செருகி, நெட்வொர்க் கேபிளை ரௌட்டரில் இணைத்து, கடைசியாக மின்சாரம் கொடுங்கள். வைபை வேண்டாம், கேபிளே நல்லது. சில நிமிடங்கள் கழித்து, ரௌட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். அங்கு ராஸ்பெரி பையின் ஐ.பி. முகவரி கிடைக்கும். அந்த முகவரி மாறாமல் இருக்க, ரௌட்டரில் அதனை ரிசர்வ் செய்திடுங்கள்.

5. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எஸ்.எஸ்.ஹெச். என்பதன் மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சிறிய எழுத்தில் டைப் செய்திடுங்கள். ஓர் இடைவெளி விட்டு, யூசர் நேம், அட் குறி, ஐ.பி. முகவரி ஆகியவற்றை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும். டைப் செய்யும்போது திரையில் எதுவும் தெரியாது. பயப்பட வேண்டாம்.

6. ஓபன் மீடியா வால்ட் தளத்தின் வழிகாட்டிப் பக்கத்தில் ராஸ்பெரி பைக்கான இன்ஸ்டால் கட்டளை தரப்பட்டுள்ளது. அதனைக் காப்பி செய்து இங்கு பேஸ்ட் செய்து என்டர் தட்டுங்கள். அரை மணி நேரம் வரை ஆகலாம். முடிந்ததும் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்.

7. இப்போது பிரவுசரில் அதே ஐ.பி. முகவரியைக் கொடுங்கள். லாகின் பக்கம் கிடைக்கும். தொடக்கத்தில் யூசர் நேம் அட்மின். பாஸ்வேர்ட் இந்தச் சாப்ட்வேரின் பெயரே, சிறிய எழுத்துக்களில் ஒரே சொல்லாக. உள்ளே சென்றவுடன் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

8. ஹார்ட் டிஸ்க்கை இணைத்திடுங்கள். ஸ்டோரேஜ் மெனுவில் டிஸ்க்ஸ் சென்று, வைப் மூலம் அதனைக் காலி செய்திடுங்கள். அதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பின் பைல் சிஸ்டம்ஸ் பிரிவில் எக்ஸ்ட்4 வகையைத் தேர்ந்தெடுத்து பார்மட் செய்து மவுண்ட் செய்திடுங்கள். எக்ஸ்ட்4, தான் செய்யப் போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பில் எழுதிவிட்டுப் பின் செயல்படும். திடீரென மின்சாரம் நின்றாலும் டிஸ்க்கின் அமைப்பு குழம்பும் வாய்ப்பு இதனால் குறைகிறது.

9. ஷேர்டு போல்டர்ஸ் பிரிவில் பண்ணைக் கணக்கு, போட்டோ, படிப்பு எனத் தனித் தனி போல்டர்களை உருவாக்குங்கள். யூசர்ஸ் பிரிவில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பண்ணைக் கணக்கைக் குழந்தைகள் படிக்க மட்டும் அனுமதிக்கலாம். எழுத அனுமதி தர வேண்டாம்.

10. சர்வீசஸ் மெனுவில் எஸ்.எம்.பி. சென்று, அதனை இயங்கச் செய்து, போல்டர்களைச் சேர்த்திடுங்கள். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் மேலே தோன்றும் பட்டையில் அப்ளை கிளிக் செய்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

இனி விண்டோஸில் பைல் எக்ஸ்புளோரர் திறந்து, முகவரிக் கட்டத்தில் இரண்டு பேக்ஸ்லாஷ் கோடுகளும் அடுத்து ஐ.பி. முகவரியும் டைப் செய்து என்டர் தட்டினால் போல்டர்கள் தெரியும். மேப் நெட்வொர்க் டிரைவ் மூலம் அதற்கு ஒரு டிரைவ் எழுத்தும் தரலாம். ஐபோனில் பைல்ஸ் அப்ளிகேஷனின் கனெக்ட் டு சர்வர் வழியாகவும், ஆண்ட்ராய்டில் எஸ்.எம்.பி. வசதியுள்ள பைல் மேனேஜர் வழியாகவும் திறக்கலாம்.

வெயில், தூசி, மின் தடை

சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே, பீரோவின் மேல் இதனை வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் பிராசசரின் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அது தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கிற்கும் சூடு ஆகாது. பண்ணையை ஒட்டிய வீடு என்றால் தீவனத் தூசி படியாத இடமாகப் பாருங்கள். சர்வர், டிஸ்க், ரௌட்டர் மூன்றையும் இன்வெர்ட்டர் அல்லது யு.பி.எஸ். இணைப்பில் மாட்டுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிரவுசரில் ஷட்டவுன் கொடுத்து, பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

ஒரு பிரதி போதாது

இப்போது எல்லா பைல்களும் ஒரே டிஸ்க்கில் உள்ளன. அந்த டிஸ்க் கெட்டால் எல்லாம் ஒன்றாகப் போகும். முன்பு ஆளுக்கொரு இடத்தில் சிதறி இருந்தபோது இந்த ஆபத்து இல்லை! இரண்டு டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறையும் இதற்கு முழுத் தீர்வு அல்ல. ஒரு டிஸ்க் பழுதானால் அது உதவும். ஆனால் தவறுதலாக ஒரு பைலை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். கம்ப்யூட்டரில் புகும் ரேன்சம்வேர் வைரஸ், நெட்வொர்க் டிரைவில் உள்ள பைல்களையும் பூட்டிவிடும்.

எனவேதான் இரண்டாவது டிஸ்க். அமாவாசைக்கு அமாவாசை என நாள் வைத்துக் கொள்ளுங்கள். அன்று அதனை விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்து, சர்வரில் உள்ள போல்டர்களைக் காப்பி செய்து, கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது. இந்த டிஸ்க் என்.டி.எப்.எஸ். வகையில் பார்மட் செய்யப்பட்டிருக்கட்டும். எக்ஸ்ட்4 டிஸ்க்கை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. ராஸ்பெரி பை பழுதானாலும், என்.டி.எப்.எஸ். டிஸ்க்கை எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் மாட்டி வேலையைத் தொடரலாம். காப்பி முடிந்ததும் அதில் இரண்டு மூன்று பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

அந்த டிஸ்க்கை எங்கே வைப்பது? சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அத்தகைய வீட்டில் மூலமும் நகலும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். தீ விபத்திலும் திருட்டிலும் இதே கதைதான். முடிந்தால் மூன்றாவது டிஸ்க் ஒன்றில் போட்டோக்களையும் கணக்குகளையும் பதிந்து, நாமக்கல்லில் உள்ள அத்தை வீட்டில் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்துக் கொள்ளலாம்.

இன்டர்நெட்டிற்குத் திறக்க வேண்டாம்

வெளியூரிலிருந்தும் பைல்களைப் பார்க்கலாம் என்று சொல்லி, ரௌட்டரில் போர்ட் திறந்துவிடும் வழிமுறைகளைச் சிலர் தருவார்கள். புதியவர்கள் இதனைச் செய்யக் கூடாது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை, விண்டோஸின் பழைய எஸ்.எம்.பி. 1 பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகவே புகுந்தது. 2021 ஜூனில், இன்டர்நெட்டில் இணைந்திருந்த மை புக் லைவ் என்னும் வீட்டு ஸ்டோரேஜ் சாதனங்களின் டிஸ்க்குகளை யாரோ தொலைவிலிருந்தே துடைத்துவிட்டார்கள். அச்சாதனத்திற்கான சாப்ட்வேர் அப்டேட் 2015லேயே நின்று போயிருந்தது. வேறு பிரதி வைத்திராதவர்கள் பல ஆண்டு பைல்களை இழந்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. சர்வர் வீட்டு நெட்வொர்க்கிற்குள்ளேயே இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஓபன் மீடியா வால்ட்டின் அப்டேட் பகுதியைத் திறந்து, புதிய அப்டேட்களை இன்ஸ்டால் செய்திடுங்கள். பேக்கப் எடுக்கும் அதே நாளில் இதனையும் முடித்துவிட்டால் மறக்காது.