விறைப்பு வேறு, பிடிப்பு வேறு

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை பெங்களூர் நெடுஞ்சாலையைச் சந்திக்கின்ற நசரத்பேட்டையில் மோட்டார் கார் என்பது அந்நிய வஸ்துவன்று. மேற்கே சில மைல் தூரத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் தொழிற்சாலை கார்களைச் செய்து அனுப்பி வருகிறது. அதே ஊரில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தனக்கென்று ஒரு பந்தயப் பாதையை அமைத்துக்கொண்டது. கார் செய்கிறவர்களும், அதன் உதிரிபாகங்களைச் செய்கிறவர்களும், பந்தயத்தைப் பார்த்து வளர்ந்தவர்களும் இவ்வளவு நெருங்கி வாழும் பிரதேசத்தில், பிறர் ஓட்டிய பழைய ஸ்விஃப்டையோ சான்ட்ரோவையோ வாங்கிய ஓர் இளைஞருக்கு, அது வளைவுகளில் இன்னும் திடமாகத் திரும்பவேண்டும் என்ற ஆசை உண்டாவது இயற்கையே. அந்த ஆசையில் குற்றமில்லை. முன்னே போகும் கன்டெய்னர் லாரி முன்னறிவிப்பின்றி வரிசை மாறும் கணத்தில், பின்னால் வரும் குடும்பத்தைக் காப்பாற்றுவது, ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் தடுமாறாமல் திரும்பும் அந்தக் குணம்தான். ஆனால் இதைச் சுற்றி வழங்கிவரும் சில நம்பிக்கைகள், குறைந்த வருமானமுள்ளவருடைய பணத்தையும் அவருடைய க்ஷேமத்தையும் ஒருங்கே குறைத்துவிடுகின்றன என்பதால், அவற்றைப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

"வண்டி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, அவ்வளவு நன்றாகத் திரும்பும்" என்பது இவற்றுள் மூத்த நம்பிக்கை. மற்றவை யாவும் இதன் சந்ததிகளே. பந்தயப் பாதையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் வாஸ்தவம். இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதையின் தளம் சீராக இருப்பதால், அங்கே சக்கரம் ஏறி இறங்குவதற்கு அதிக இடம் தேவைப்படுவதில்லை. ஆனால் மழைக்காலம் கழிந்தபின் பள்ளமும் ஒட்டுப்போட்ட மேடும் மாறிமாறி வரும் சர்வீஸ் ரோட்டில், சக்கரமானது மேட்டில் உடலைத் தூக்கியடிக்காமல் தான்மட்டும் எழுந்து, பள்ளம் வந்ததும் தரையைத் தேடி உடனே இறங்கியாக வேண்டும். ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைத்திருந்தால், சக்கரம் மேட்டிலிருந்து துள்ளிச் சிறிது நேரம் தரையை விட்டுவிடுகிறது; தரையை விட்ட டயருக்கு வண்டியைத் திருப்பும் சக்தியும் இல்லை, நிறுத்தும் சக்தியும் இல்லை. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அளவே. அந்த நான்கு உள்ளங்கைகளும் தரையைவிட்டு அகலாமல் பார்த்துக்கொள்வதே சஸ்பென்ஷனின் முதற்கடமை, விறைப்பு அதற்கு ஓர் உபாயம் மட்டுமே.

இதன் சந்ததிகளுள் மிகவும் அபாயகரமானது, "ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிட்டால் செலவில்லாமல் வண்டி தாழும், தாழ்ந்தால் சாயாது" என்பது. பட்டறையில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தக் காரியத்தின் விளைவுகளைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருப்பது. ஆறு சுற்றுகள் உள்ளதில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் ஏறிவிடும். ஆனால் ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதற்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. புதிய துள்ளலுக்கு அது போதாது. அதோடு, உடல் தாழ்ந்த அளவுக்குச் சக்கரம் மேலேறும் இடம் குறைந்துபோகிறபடியால், வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தாலும் உள்ளேயிருக்கும் ரப்பர் தடுப்பில் அது முட்டிக்கொள்கிறது. முட்டிய அந்தக் கணத்தில் விறைப்பு பன்மடங்காகி, டயர் பிடியை இழக்கிறது. சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில், நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு நழுவுவதும் உண்டு.

"தாழ்ந்தால் சாயாது" என்ற பகுதிதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஏனெனில் அது பாதி உண்மை. நம் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பில் நிற்கிறது. அதில் கீழ்க்கை, அதாவது லோயர் ஆர்ம், வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருக்கும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. உடலைத் தாழ்த்தும்போது அந்தச் சரிவு கெட்டுக் கை மட்டமாகிறது, அல்லது தலைகீழாகச் சரிகிறது. அப்போது எந்தப் புள்ளியைச் சுற்றி உடல் சாய்கிறதோ அந்தப் புள்ளி, உடலின் கனமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் நீண்டதனால், சாய்க்கும் விசைக்கு நெம்பும் பலம் கூடுகிறது. கனமையம் தாழ்ந்ததனால் கிடைத்த லாபத்தை இது விழுங்கிவிடும். எல்லாம் ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள், 1960-களில் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்: வேகமாகத் திரும்பும்போது அதன் பின்சக்கரம் அடிப்பக்கமாக உள்நோக்கி மடங்கும் சுபாவமுடையதாயிருந்ததற்குக் காரணம், சக்கரத்தைத் தாங்கிய அச்சு அசையும் விதமே.

சட்டத்தின் நோக்கையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க இடமளித்திருக்கிறது. தேய்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டு, கம்பெனி குறித்த அதே வகைப் பாகத்தைப் பூட்டுவது இந்தத் தடைக்குள் வருவதல்ல.

"ஸ்பிரிங் சுற்றுகளுக்கிடையே ரப்பர் பஃபர் செருகினால் புதுச் சஸ்பென்ஷன் போட்டதற்குச் சமம்" என்பார்கள். செருகிய இடத்தில் சுற்று அசையாமல் போவதால் விறைப்பு ஏறும், வண்டி சற்று உயரும். உயர்ந்த வண்டி வளைவில் மேலும் நன்றாகத் திரும்புவதற்கு நியாயமில்லை. ஓய்ந்துபோன ஸ்பிரிங்குக்கு மருந்து புது ஸ்பிரிங்.

"வண்டியைத் தாங்குவது ஷாக் அப்சார்பர்" என்ற அபிப்பிராயம் தீங்கற்றதுபோல் தோன்றினாலும், பணத்தைத் தவறான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுவே. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் செய்வதோ, ஆட்டத்தின் சக்தியை எண்ணெய் வழியாக உஷ்ணமாக மாற்றி அடக்குவது. ஆகவே பின்பக்கம் தொங்கிப்போன வண்டிக்குச் சாதாரண ஷாக் அப்சார்பரை மாற்றினால் அது நிமிராது. மேட்டுக்குப் பின் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும் வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றினால் ஆட்டம் நிற்காது. குழாயின் வெளியே எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அது முடிந்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவது சிக்கனமன்று. ஒரே அச்சின் இரு பக்கமும் சமமாக அடங்காத வண்டி, அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது ஓட்டுநரை ஏமாற்றிவிடும்.

இனி நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். வெகுநாள் ஓடிய காரின் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை, யாரும் பிறருக்குக் காட்டிப் பெருமைப்படாத சில அற்பப் பொருள்கள்: லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ரப்பர் மவுண்டிங். உஷ்ணத்திலும் புழுதியிலும் வயதாகும் ரப்பர் வெடிக்கிறது. வெடித்த ரப்பர், ஸ்டியரிங் கேட்ட கோணத்திலிருந்து சக்கரத்தைத் தானாக விலக அனுமதிக்கிறது. பல பதினாயிரம் ரூபாய் பெறும் உயரம் மாற்றக்கூடிய ஸ்ட்ரட்டை வெடித்த புஷ்ஷின்மேல் பூட்டினால், அந்த ஸ்ட்ரட்டின் நயமெல்லாம் ரப்பரின் இடைவெளியில் கரைந்துபோகும். ஜாக்கியில் ஏற்றி, கம்பியால் நெம்பிப் பார்த்து, அசையக்கூடாத இடத்தில் அசைவதை மாற்றிவிட்டால், வண்டி புதிதாயிருந்தபோது எப்படித் திரும்பியதோ அப்படித் திரும்பத் தொடங்கும். அந்த நிலையை அறியாதவராகவே இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரர்கள் பலர் அதன் சஸ்பென்ஷனைக் குறைகூறுகிறார்கள்.

டயர் விஷயத்தில், "அகலமும் பெரிய அலாய் வீலும் பிடியைக் கூட்டும்" என்பது நல்ல தளத்தில் ஓரளவு சரி. கனமான சக்கரமோ ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாரமாகையால், பள்ளத்தில் அதைத் தரையோடு ஒட்டவைப்பது கடினமாகிறது. அதே பணத்தில் அதே அளவில் நல்ல டயர்கள் வாங்குவது விவேகம். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாமலிருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப்போய் மழையில் வழுக்கும். காற்றையோ, காலையில் வண்டி ஓடுவதற்கு முன், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வைக்கவேண்டும். மைலேஜுக்காக அதிகம் அடைத்தால் தரையைத் தொடும் பரப்பு சுருங்குகிறது.

உடல் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைத் தடித்ததாக மாற்றுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவது, 20 மி.மீ. கம்பியை 22 மி.மீ. ஆக்கினால் 46 சதவீதம் கூடிவிடும். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரில் இதை முன்னால் மட்டும் தடிக்கச் செய்தால், வண்டி சாய்வது குறைந்தாலும் வளைவில் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும் குணம் அதிகரிக்கும் என்பதால், பிற வேலைகள் முடியுமுன் இதைத் தொடாமலிருப்பதே உசிதம்.

கடைசியாக, "அலைன்மென்ட் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது. நம் சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் அலைன்மென்ட் மேடையில் மாற்ற முடிவது, முன்சக்கரங்கள் நேர்நோக்கிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு ஒன்றையே. தளர்ந்த பால் ஜாயின்ட் உள்ள வண்டியில் இன்று வைத்த அளவு நாளை நிற்காது. ஆகவே புஷ், ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் யாவும் மாற்றியபின் செய்யவேண்டிய இறுதி வேலை அது. புஷ் மாற்றும்போது மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் மறவாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்: வண்டி ஜாக்கியில் தொங்கும்போது லோயர் ஆர்ம் போல்ட்டை இறுதியாக முறுக்கக்கூடாது. அப்படி முறுக்கினால், சக்கரம் தொங்கும் நிலையிலேயே ரப்பர் பிடிக்கப்பட்டு, வண்டி தரையில் இறங்கியதும் எப்போதும் முறுக்குண்டே நின்று, வெகுசீக்கிரத்தில் கிழிந்துபோகும். நான்கு சக்கரமும் தன் பாரத்தில் நிற்கும்போது போல்ட்டை முறுக்கிவிட்டு, அதன்பிறகே வண்டியை அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்குத் தனிச் செலவு ஏதும் கிடையாது.