ஒளியில் உறையும் மருந்துக் கூழ்: தீவுக்கு எட்டுமா?

கார் நிக்கோபார் 127 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தீவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 17,800 பேர். அங்கு பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை உள்ளது. அதற்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுவோர், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடல் கடந்து செல்ல வேண்டும். கட்டு மாற்றும் தேவையைக் குறைக்கும் எப்பொருளும் இத்தகைய இடத்தில் கவனிக்கத் தக்கதே.

பல் மருத்துவர் குழியை அடைத்து நீல ஒளியைக் காட்டியதும் பூச்சு இறுகுவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். நீர்க்கூழும் அவ்வாறே உறைகிறது. ஜெலட்டின் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளில், ஒன்றோடொன்று இணையவல்ல தொகுதிகள் சேர்க்கப்படுகின்றன. ஒளி பட்டதும், கரைசலிலுள்ள ஒளித்தூண்டி அவற்றை வலைபோல் பிணைக்கிறது. வலைக்குள் பெரும்பகுதி நீர். அதனுடன் மருந்தும் சிறைப்படுகிறது. உடல்நீரோ நொதிகளோ வலையை அறுக்க அறுக்க, மருந்து சிறிது சிறிதாக வெளிப்படும். கூழும் கரைந்து மறையும். பிய்த்தெடுக்க ஏதும் இராது.

1993இல் அமர்பிரீத் சாஹ்னி, சந்திரசேகர் பாதக், ஜெஃப்ரி ஹபெல் ஆகியோர் இவ்வகைக் கூழ் குறித்துக் கட்டுரை வெளியிட்டனர். நுரையீரல் அறுவைக்குப் பின் காற்றுக் கசிவை அடைக்கும் ஒளியுறை பூச்சு ஒன்றுக்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

ஆயினும் தீவில் இடர்ப்பாடு குப்பியிலேயே தொடங்குகிறது. உடலில் நீரால் அறுபடும் பிணைப்பு, ஈரமும் வெப்பமும் மிக்க கிடங்கிலும் அறுபடும். ஆகவே மருந்தை உலர்தூளாக, இருண்ட உறையில், குளிர்ச்சியாக வைத்தல் வேண்டும். சன்னல் வெயிலே அதை உறைய வைத்துவிடலாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பு இறுகுவதைத் தடுக்கும். ஆழமான புண்ணின் அடிவரை ஒளி செல்லாது. பவளப்பாறை கிழித்து மண் புகுந்த காயத்தைத் தூய்மை செய்யாமல் மூடினால், கிருமியையும் சேர்த்தே மூடுவதாகும்!

பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய தீப்புண் கூழ்த்தகடு வேறு வழியைக் காட்டுகிறது. பாலிவினைல் ஆல்கஹாலைக் கதிர்வீச்சால் பிணைத்து, கிருமி நீக்கமும் செய்து, உறையிலிட்டு அனுப்புகின்றனர். மருத்துவமனையில் விளக்கு தேவையில்லை. ஆனால் அது கரையாது; கழற்றியே ஆக வேண்டும். இன்றைய நிலையில் தீவுக்கு இதுவே ஏற்றது எனலாம். ஒளியில் உறையும் கூழைப் பொறுத்தவரை, ஆய்வகத்தில் மருந்து எத்தனை நாள் கசிகிறது என்பதோடு, கப்பல் அறையிலும் மழைக்காலக் கிடங்கிலும் தூள் எத்தனை மாதம் கெடாதிருக்கும் என்பதையும் அளந்தாக வேண்டும்.